செஸ் சொல்லித்தரும் பி.டி. ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உடற்கல்வி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது, 2024 டிசம்பரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். அதிலிருந்து செஸ் ஆட வரும் பிள்ளைகளையும், கபடிக்கும் கோ-கோவுக்கும் நடுவே, உங்கள் தலையில்தான் கட்டுகிறார்கள். காய் நகர்த்தத் தெரிந்ததற்கு மேல் உங்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை என்று உங்களில் பலர் என்னிடமே சொல்லியிருக்கிறீர்கள். சிறுவர் போட்டிகளில் நடுவராக நிற்பவன் என்ற முறையில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வருடம் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள், சொல்லித்தராதீர்கள். ஆட்டத்தின் கடைசிப் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள்.

போட்டிக்கு வரும் புதுப் பிள்ளைகளில் பாதிப் பேர் நாலு மூவ் மேட்டோடு வருகிறார்கள். மந்திரியும் ராணியும் சேர்ந்து எஃப்7 (எஃப் பத்தியில் ஏழாவது கட்டம்) சிப்பாயை வெட்டி ராஜாவைச் சாய்க்கும் அதே வித்தைதான். எதிராளி ஒரு சிப்பாயை ஜி6-க்குத் தள்ளிவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறார்கள். இதைவிட வயிறெரியும் காட்சி ஒன்று உண்டு. எதிராளியிடம் வெறும் ராஜா, ஆடும் சிறுமியிடம் ராணியும் ராஜாவும். செக், செக் என்று துரத்தி ராஜாவை ஏ8 மூலைக்குத் தள்ளிவிடுகிறாள். அடுத்து ராணியை பி6-ல் வைக்கிறாள். செக் இல்லை, ராஜாவுக்குப் போக இடமும் இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. மூலையில் நிற்கும் ராஜாவிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் ராணியை வைக்கக் கூடாது என்று யாராவது ஒருமுறை போர்டில் காட்டியிருந்தால் போதும்.

எண்ட்கேம் என்னும் இந்தக் கடைசிப் பகுதியெல்லாம் பெரிய ஆட்டக்காரர்களுக்குத்தானே என்பீர்கள். சிங்கப்பூரில் குகேஷ் பட்டம் வென்ற பதினாலாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டம். கறுப்பில் ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய்தான் கூடுதல். 55-வது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரன் யானையை எஃப்2-வில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன, மூலையில் மாட்டியிருந்த மந்திரியும் போனது. மிச்சம் ராஜாவும் சிப்பாயும். அந்த நிலை கறுப்புக்கு ஜெயம். டிங்கின் தவறை முதலில் கவனிக்காத குகேஷ், வேறு நகர்த்தல் ஆடப்போகும் நேரத்தில்தான் இதைக் கண்டுகொண்டார். உலகப் பட்டமே ராஜா-சிப்பாய் எண்ட்கேமில் முடிந்திருக்கிறது.

இதைச் சொல்லித்தரப் போர்டில் மூன்றே காய் போதும். வெள்ளை ராஜா இ6, சிப்பாய் இ5, கறுப்பு ராஜா இ8. யார் முதலில் நகர்த்தினாலும் வெள்ளைக்கு ஜெயம். இப்போது சிப்பாயை இ6-ல் வைத்து, வெள்ளை ராஜாவைப் பின்னால் இ5-க்கு இறக்குங்கள். கறுப்பு ராஜா இ7. கறுப்பு சரியாக ஆடினால் டிரா. ஏன் என்று நீங்கள் விளக்க வேண்டாம். பக்கம் மாற்றி மாற்றி ஆடவிடுங்கள், அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிப்பார்கள். அப்புறம் ராணி மேட், யானை மேட், அதாவது ராஜாவோடு ராணியை மட்டுமோ யானையை மட்டுமோ வைத்து தனி ராஜாவைச் சாய்ப்பது. யானை மேட் சரியாக ஆடினால் எந்த நிலையிலிருந்தும் 16 நகர்த்தலுக்குள் முடியும். ஐம்பது நகர்த்தலில் முடிக்கத் தெரியாவிட்டால் டிரா கேட்டுவிடுவார்கள்.

முழு ஆட்டம் ஆடும்போது, தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதியைப் பயிற்சியிலேயே கறாராக வையுங்கள். பிள்ளைகள் காயைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் யோசிக்கிறார்கள். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நகர்த்தும் முன் இரண்டு கேள்வி: “அவன் இப்போ எதை வெட்ட வர்றான்? நான் போற கட்டத்துல என்னை யார் வெட்டலாம்?” ஆரம்பநிலை ஆட்டங்கள் பெரும்பாலும் யாரோ ஒருவர் காயைச் சும்மா கொடுப்பதால்தான் முடிகின்றன, ஓப்பனிங் தெரியாமல் தோற்பவர்கள் குறைவு.

ஆட்டத்தை எழுதவும் பழக்குங்கள். பள்ளிப் போட்டிகள் ரேபிட், அதாவது குறைந்த நேர ஆட்டம், என்பதால் எழுதும் கட்டாயம் இருக்காது, அதனாலேயே யாரும் கற்றுக்கொள்வதில்லை. எழுதி வைத்தால்தான் தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்க முடியும். அதையும் முதலில் எஞ்சின் (சிறந்த நகர்த்தலைக் காட்டும் கணினி நிரல்) இல்லாமல் பார்க்கட்டும். கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை குகேஷை எஞ்சின் பக்கம் போகாமல் வைத்திருந்தவர் அவருடைய அப்போதைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. நம் பிள்ளைகளோ தோற்ற மறு நிமிடமே போனில் அம்புக்குறியைப் பார்த்துவிட்டு ‘ஓ, இதுவா’ என்று மூடிவைக்கிறார்கள்.

போனே வேண்டாம் என்று சொல்லவில்லை. லிசெஸ் என்ற செஸ் தளம் இலவசம், விளம்பரமும் கிடையாது. பள்ளிக் கணினி அறையிலேயே ஓடும். ஒரு நிமிட புல்லட் ஆட்டம் மட்டும் வேண்டாம், பத்துப் பதினைந்து நிமிட ஆட்டம் ஆடட்டும். பசில் போடும்போது விடை முழுவதையும் மனதில் பார்த்துவிட்டுத்தான் காயைத் தொட வேண்டும்.

கடைசியாக, பள்ளிக்குள் நடத்தும் போட்டியைப் பற்றி. நாக் அவுட் வைக்காதீர்கள். 32 பேர் வந்தால் முதல் சுற்றிலேயே 16 பேர் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். அதிகம் ஆட வேண்டியவர்களே அவர்கள்தான். எட்டுப் பேர் என்றால் எல்லோரும் எல்லோருடனும் ஆடட்டும். கூட்டம் அதிகமானால் ஸ்விஸ் முறையில் (யாரும் வெளியேறாமல், ஏறக்குறைய ஒரே புள்ளி உள்ளவர்கள் மோதுவது) ஐந்து சுற்று வையுங்கள், தோற்றவருக்கும் ஐந்து ஆட்டம் கிடைக்கும். யாருக்கு யார் என்று ஜோடி போட இலவச மென்பொருள் இருக்கிறது. அது குழப்பினால் உங்கள் மாவட்ட செஸ் சங்கத்தில் ஒரு நடுவரைக் கேளுங்கள். எங்கள் மாவட்டம் என்றால், சனிக்கிழமைகளில் நானே வந்து போட்டுத்தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் மேஜைகளுக்கு நடுவே நடக்கும் ஒரு நடுவர்