எங்கள் ஒழுங்கை நலன்புரிச் சங்கம், வெள்ளவத்தை: செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இந்த வருடம் எங்களை அதிகம் பேசவைத்த விடயத்துக்கு வருகிறேன். செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பொதுத் தேர்தல் என்று அடுத்தடுத்து வந்ததால் நிர்வாகசபைக் கூட்டங்கள் சில தள்ளிப்போயின. மழைக்கு முன்னர் வடிகான் துப்புரவு நடந்தது. டெங்கு ஒழிப்புச் சிரமதானத்துக்கு வழக்கமாக வருபவர்களே இந்த முறையும் வந்தார்கள். வாணி விழா குறைவில்லாமல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

சரி, களவு விடயம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணம் போயிருந்த நேரம், குசினிப் பக்கத்து யன்னல் கிறில்லைக் கழற்றிக்கொண்டு ஆள் உள்ளே இறங்கியிருக்கிறான். கேற், போர்ட்டிகோ, மாடிப்படி என்று அந்த வீட்டில் கமெராவுக்குக் குறைவில்லை. ஆனால் பதிவுப் பெட்டி ரி.வி.க்குக் கீழே எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. போகும்போது அதையும் வயரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது கொடுப்பதற்கு ஒரு படம்கூட இல்லை.

அதற்குப் பிறகு ஒழுங்கை இரண்டு கட்சியானது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ யூனிற்றி பிளாசாவிலோ அலாரம், கமெராச் சாமான் வாங்கி நாங்களே பூட்டலாம் என்று ஒரு கட்சி. மாதக் கட்டணம் போனாலும் பரவாயில்லை, இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் வைத்துக் கண்காணிக்கும் கம்பனியிடம் கொடுப்போம் என்று மற்றக் கட்சி. கூட்டத்தில் இளையவர்கள் மெகாபிக்சல் கணக்குப் பேசிக்கொண்டிருக்க, தனியாக இருக்கும் அன்ரி ஒருவர் கேட்டார்: "தம்பி, உந்தப் பெட்டி ராத்திரி கத்தினா ஆர் வாறது?" அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்விகளில் உருப்படியானது அதுதான் என்பது என் அபிப்பிராயம். பிறகு நிர்வாகசபை விசாரித்ததெல்லாம் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

நாங்களே பூட்டும் செட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. கதவில் ஒரு காந்தத் துண்டும் நிலையில் ஒரு சென்சரும் இருக்கும். கதவு திறந்து இரண்டும் விலகினால் தகவல் போகும். அறைக்குள் மாட்டுவது உடல் வெப்பத்தின் அசைவைப் பிடிக்கும் சென்சர். அலாரம் அடித்தால் சைரன் கத்தும், கைத்தொலைபேசிக்கு அறிவித்தல் வரும். அதோடு அதன் வேலை முடிந்தது. மிச்சத்தைத் தொலைபேசி வைத்திருப்பவர்தான் பார்க்கவேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் அந்தத் தொலைபேசி இருப்பது வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம். கொழும்பில் இரவு 2 மணி என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் பின்னேரம் 4.30, குளிர்காலத்தில் 3.30. மகன் விழித்துத்தான் இருப்பார், கள்ளனை நேரடியாகவே பார்ப்பார். ஆனால் அங்கிருந்து 119 அடித்தால் எங்கள் பொலிஸுக்கு வராது. நிலையத்தின் தரைவழி இலக்கத்தை +94 போட்டு அழைக்கவேண்டும், அல்லது பக்கத்து வீட்டை எழுப்பவேண்டும். பக்கத்து வீட்டு இலக்கம் கையில் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரித்தபோதுதான் விடயம் விளங்கியது.

வெளிநாட்டிலிருந்து வரும்போது பிள்ளைகள் கொண்டுவந்து தரும் ரிங் போன்ற கம்பனிகளின் அலாரப் பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே தானே பூட்டி, மேலதிகமாக மாதக் கட்டணம் கட்டிக் கண்காணிப்பையும் எடுக்கலாம். அந்தக் கண்காணிப்பு அந்த நாட்டு முகவரிக்கானது. வெள்ளவத்தை வீட்டுக்கு அங்கிருந்து யாரும் பொலிஸை அனுப்பமாட்டார்கள். அப்புறம், கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், எங்களுக்கு 230. அடப்டரில் 100–240 என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் செருகவேண்டாம்.

கம்பனிக் கண்காணிப்பில் அலாரம் அவர்களின் நிலையத்துக்குப் போகும். அங்கிருப்பவர் முதலில் வீட்டுக்கு அழைத்துப் பார்ப்பார். பதில் இல்லை என்றாலோ சங்கேதச் சொல் பிழைத்தாலோ அடுத்த இலக்கத்துக்கு அழைப்பார், பொலிஸுக்குச் சொல்வார், ஒப்பந்தத்தில் இருந்தால் தங்கள் ஆட்களை அனுப்புவார். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கும் அடிக்கடி பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் இதற்குக் காசு கொடுப்பது வீண் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டப்படி பதிவு இருக்கிறதா? இணையம் விழுந்தால் சிம் வழியாகத் தகவல் போகுமா? வருபவர் எங்கிருந்து வருகிறார், வந்தால் கேற்றுக்கு வெளியே நிற்பாரா, உள்ளே வருவாரா? ஒப்பந்தம் எத்தனை வருடம்? அது முடிந்தால் பெட்டி யாருடையது, அதன் அமைப்பை மாற்றத் தேவையான பொறியியலாளர் கோட் யாரிடம் இருக்கும்? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். அங்கத்தவர் ஒருவர் சேவையை நிறுத்திய பிறகு, அந்தக் கோட் கிடைக்காமல் நல்ல பெட்டியைச் சுவரில் அலங்காரமாக வைத்திருக்கிறார்.

பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் மின்சாரம் போனது நினைவிருக்கும். எங்களுக்கு அது செலவில்லாத பரீட்சை. பெரும்பாலான வீடுகளில் வை-பை ரவுட்டரோடு கமெராவும் சேர்ந்தே அணைந்தது. பற்றரியும் சிம்மும் உள்ள பெட்டி வைத்திருந்த வீடுகளுக்குச் சிக்கல் இல்லை, ஒரு வீட்டைத் தவிர. அங்கே 12 வோல்ட் பற்றரி இருந்தது, ஆனால் பூட்டிய நாள் முதல் மாற்றவில்லை. அந்த வகைப் பற்றரி மூன்று முதல் ஐந்து வருடத்தில் களைத்துவிடும். கம்பனி பூட்டியது என்பதற்காக அது நீண்ட காலம் உழைக்காது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ். எல்லோரும் வைத்துக்கொள்வது நல்லது.

பொய் அலாரம் பற்றிய முறைப்பாடுகளும் வந்தன. ஒரு வீட்டில் விடியற்காலையில் தொடர்ந்து சைரன் அடித்தது. போய்ப் பார்த்தால், சென்சர் கண்ணாடியின்மேலேயே ஒரு பல்லி, பூச்சி பிடிக்க வசதியான இடம் என்று குடியிருந்தது. இன்னொரு வீட்டில் இரவுக் கமெராவின் முன் சிலந்தி வலை. அகச்சிவப்பு வெளிச்சம் வலையில் பட்டுத் தெறித்துப் படம் முழுவதும் வெள்ளை. கடற்காற்று எங்கள் பக்கத்தில் திருகாணியைக்கூட விடாது. மாதம் ஒருமுறை துணியால் துடைப்பதை யார் பூட்டிய கருவி என்றாலும் வீட்டுக்காரர்தான் செய்யவேண்டும்.

மலிவுக் கமெரா வாங்குபவர்கள் பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றவும். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல், இப்படி மாற்றாமல் விட்ட கமெராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகெங்கும் கைப்பற்றித்தான் பெரிய இணையத்தளங்களை முடக்கியது. பதிவின் அளவையும் பாருங்கள். ஒரு கமெரா செக்கனுக்கு 2 மெகாபிட் எழுதினால் நாளொன்றுக்கு 21 ஜிபிக்கு மேல். நான்கு கமெராவுக்கு 1 டெராபைட் டிஸ்க் பதினொரு நாள்தான் தாங்கும். திருவிழா முழுவதும் இருந்துவிட்டு வந்து பார்த்தால் முதல் வாரம் அழிந்திருக்கும்.

எதிர்வீட்டுப் பல்கனியைப் பார்த்த ஒரு கமெராவால் கொஞ்சம் மனஸ்தாபம் ஏற்பட்டது. திசையை மாற்றி, மிச்சப் பகுதியைப் படத்தில் கறுப்புக் கட்டத்தால் மறைத்ததும் தீர்ந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபரின் வீட்டுத் தேவைக்குப் பொருந்தாது. சங்கம் ஒழுங்கைக்குப் பொதுக் கமெரா போட்டால் அந்த விலக்கு எங்களுக்குக் கிடைக்கும் என்று சொல்லமுடியாது. அதனால் பொதுக் கமெராப் பிரேரணையைச் சட்ட ஆலோசனை பெறும்வரை ஒத்திவைத்தோம்.

நிர்வாகசபையின் சிபாரிசு இதுதான். காவலாளி இருக்கும் தொடர்மாடிக்கும் வாடகை வீட்டுக்கும் தாங்களே பூட்டும் செட் போதும்; வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். வயதானவர் தனியாக இருக்கும் தனிவீட்டுக்குக் கம்பனிக் கண்காணிப்பு எடுப்பது நல்லது. இரண்டில் எதுவானாலும் பதிவுப் பெட்டி பூட்டிய அலுமாரிக்குள் போகவேண்டும். அத்தோடு, ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு அயல்வீட்டுக்காரரின் பெயரும் இலக்கமும் கொண்ட அழைப்புப் பட்டியலைச் சங்கம் தயாரிக்கிறது. பிரதி ஒன்று வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் போகும். பட்டியலில் பெயர் கொடுப்பவர் தனியாக வெளியே இறங்கத் தேவையில்லை. லைற்றைப் போட்டு, 119க்கு அழைத்து, அடுத்த வீட்டை எழுப்பினால் போதும்.

படிவம் இன்னும் தராதவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாங்கி, இங்கேயே நிரப்பித் தாருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோன படிவங்கள் எதுவும் இதுவரை திரும்பி வரவில்லை.

செயலாளர்