காய்ச்சல் வருவதற்கு முன்பே

அன்பு மகனுக்கு,

"நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்று போனில் கேட்டாய். எடையை விடு. நான் கவலைப்படுவது உன் இதயத்தைப் பற்றி. அதுவும் ஒரு கடுமையான தொற்று வந்தால் அது எப்படித் தாங்கும் என்பதைப் பற்றி.

காய்ச்சலில் உடல் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே நாடி நிமிடத்துக்குச் சுமார் 10 துடிப்பு கூடிவிடும். தொற்று முற்றி செப்சிஸ் ஆகிவிட்டாலோ, கிருமியை அடிக்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்புச் சக்தியே கட்டு மீறி ரத்தக் குழாய்களின் உட்சுவரையும் இதயத் தசையையும் காயப்படுத்தும். ரத்த அழுத்தம் சரியும். 2017-இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் பேரின் சாவுக்கு செப்சிஸோடு தொடர்பு இருந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. வயதானவர்களுக்கு மட்டும் வருவதில்லை அது.

தினமும் வேர்க்க நடப்பவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளும். அதனால் நெருக்கடியில் கையிருப்பு இருக்கும். இன்னொன்றும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். உழைக்கும் தசை சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியில் ஒரு வகையைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. அது இதயம் வரை போய், அழற்சியில் உண்டாகும் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளை முறிக்கிறது. தசையில் இந்த நொதி கூடுதலாக இருந்த எலிகளுக்கு, செப்சிஸ் போன்ற நிலையை உண்டாக்கியபோது உறுப்புகள் குறைவாகவே கெட்டன. மனிதர்களிடம் இது இன்னும் முழுதாக நிரூபணமாகவில்லை. ஆனால் கலிபோர்னியாவில் 48,000-க்கும் மேற்பட்ட கோவிட் நோயாளிகளைப் பற்றி 2021-இல் வந்த ஆய்வில், முன்பிருந்தே தொடர்ந்து பயிற்சி செய்தவர்கள் குறைவாகவே மருத்துவமனையில் சேர்ந்தார்கள், குறைவாகவே இறந்தார்கள். பயிற்சி மட்டுமே காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எனக்கு அந்த அளவு போதும்.

வாரத்துக்கு 150 நிமிடம் விரைவாக நட, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி செய். உலக சுகாதார நிறுவனம் கேட்பதே அவ்வளவுதான். தடுப்பூசியையும் மருந்தையும் இதை வைத்துத் தள்ளிப்போடாதே.

அப்புறம் ஒன்று. காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. தொற்று இதயத் தசையைத் தொட்டிருந்தால் அந்த நேரத்து ஓட்டம் ஆபத்து. நன்றாக ஓய்வெடுத்து, மெதுவாக நடையில் ஆரம்பி. நெஞ்சு வலியோ படபடப்போ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே டாக்டரைப் பார். எனக்கும் மறைக்காமல் சொல்லு.

அம்மா