ஏஐ பற்றி வீட்டில் பேச வேண்டியது: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன கூட்டத்தில் பாதிப்பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள், கேட்டதற்கெல்லாம் போனில் பதில் எழுதித் தருகிற இந்த ஏஐயை (செயற்கை நுண்ணறிவை) பிள்ளை கையிலிருந்து பிடுங்குவதா விடுவதா என்று. அன்றைக்குக் கரண்ட் போய்ப் பேச்சு பாதியில் நின்றதால் எழுதுகிறேன்.

பிடுங்க முடியாது. சாட்ஜிபிடி என்கிற ஏஐ 2022 நவம்பர் கடைசியில் வந்தது. இப்போது வாட்சாப்புக்குள்ளேயே ஒரு ஏஐ உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை அதைக் கேட்கட்டும், ஆனால் தன் கண்ணையும் காதையும் மூட்டைகட்டி வைத்துவிட்டுக் கேட்க வேண்டாம்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒன்பதாம் வகுப்பில் வாஞ்சிநாதனைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருந்தோம். நோட்டைத் திருத்தினால் நாலைந்து பேர், வாக்கியம்கூட மாறாமல், கலெக்டர் ஆஷ் சுடப்பட்டது திருநெல்வேலி ரயில் நிலையத்தில் என்று எழுதியிருக்கிறார்கள். 1911 ஜூன் 17 அன்று கொடைக்கானலுக்குக் கிளம்பிய ஆஷை வாஞ்சி சுட்டது மணியாச்சியில். ஸ்டேஷன் பெயரே இன்று வாஞ்சி மணியாச்சி. தூத்துக்குடி மாமா வீட்டுக்கு அந்த வழியாகவே போய்வருகிற பையனும் அந்த நாலைந்து பேரில் ஒருவன். "ஏல, போர்டைப் பாத்ததே இல்லையா" என்றேன். "பாத்திருக்கேன் சார், ஆனா ஏஐ இப்படித்தான சொல்லுது" என்கிறான். தப்பைத் திருத்திவிடலாம், இந்தப் பதிலை என்ன செய்ய?

அது ஏன் இப்படிச் சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணிலடங்காத பக்கங்களைக் கொடுத்து, இந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஊகிக்க அதைப் பழக்கியிருக்கிறார்கள். ஊகம் பெரும்பாலும் சரியாகவே வரும், தெரியாத இடத்திலும் அதே தோரணையில் வரும், வழி தெரியாவிட்டாலும் கையை நீட்டி "நேரா போங்க" என்று சொல்கிற ஆள் நம்ம பஸ் ஸ்டாண்டில் உண்டே, அந்த மாதிரி. நியூயார்க்கில் 2023-ல் வக்கீல்கள் இரண்டு பேர், அது இட்டுக்கட்டிச் சொன்ன வழக்குகளை அப்படியே கோர்ட்டில் கொடுத்து, நீதிபதியிடம் 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். வக்கீல்களுக்கே அந்தக் கதி.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பிள்ளை சொல்வதற்கெல்லாம் அது ஆமாம் போடும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியில் செய்த ஒரு மாற்றம் எதற்கெடுத்தாலும் புகழ்ந்து தள்ளுகிறது என்று புகார் கிளம்பி, ஓபன்ஏஐ கம்பெனியே அதைத் திரும்பப் பெற்றது. அந்தக் குணம் அத்தோடு அடியோடு போய்விடவில்லை. சிநேகிதியோடு சண்டை போட்டுவிட்டு வந்த பிள்ளை ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு அதனிடம் நியாயம் கேட்டால், ஒருபக்கக் கதையை மட்டும் கேட்டுவிட்டு, உன் வருத்தம் நியாயமானது, உன்மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் வாய்ப்பு அதிகம். ஆச்சியிடம் போயிருந்தால், "ஏட்டி, மொதல்ல நீ என்ன சொன்ன, அதைச் சொல்லு" என்றிருப்பார்கள். அந்தக் கேள்வி பிள்ளைக்குக் கசக்கும், கசக்கட்டும். மனசு ரொம்ப உடைந்திருக்கிற பிள்ளை என்றால் என்னிடம் வாருங்கள், அல்லது 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலிமானஸ் என்கிற அரசு சேவை, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

"நாங்க படிக்கல சார், என்னத்தக் கேக்க" என்று சில தாய்மார் சொன்னீர்கள். படிப்பே வேண்டாம். பீடித்தட்டு மடியில் இருக்கட்டும், கை பாட்டுக்கு இலையைச் சுருட்டட்டும், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்னைக்கு என்ன எழுதின, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு என்று கேளுங்கள். நோட்டைப் பார்க்காமல் சொன்னால் சரி, விஷயம் உள்ளே போயிருக்கிறது. திக்கினால், இதை யாரு சொன்னா, புஸ்தகத்துல இருக்கா என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள், அடிக்க வேண்டாம்.

பள்ளியில் இந்த மாதம் முதல் கட்டுரையெல்லாம் வகுப்பிலேயே, கையால்தான். வீட்டுப்பாடத்துக்கு ஏஐயிடம் கேட்டிருந்தால், என்ன கேட்டோம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவர வேண்டும். எழுதினால் மார்க் குறையாது, மறைத்தால் குறையும். அப்புறம், 13 வயதுக்குக் கீழே கூடாது, 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது சாட்ஜிபிடிக்காரர்களே வைத்திருக்கிற விதி. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் போனில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்த கூட்டம் வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. பீடிக்கடைக்குப் போகிறவர்கள் பீடியைக் கொடுத்துவிட்டு மத்தியானம் வந்தாலும் போதும், நான் நாலு மணி வரை ஆபீஸ் ரூமில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்