குளிர்கால டயரின் வேக எச்சரிக்கை தானாக அணைந்துபோவது குறித்த புகார்

அனுப்புநர்:
கார் உரிமையாளர் (பெயரும் முகவரியும் தங்கள் வாடிக்கையாளர் பதிவில் உள்ளபடி),
உல்ம், ஜெர்மனி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கார் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: குளிர்கால டயருக்கான வேக எச்சரிக்கையை, சாலை வேக வரம்பு எச்சரிக்கையோடு ஒரே பொத்தானில் இணைத்திருப்பது பற்றி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் காரைப் புதிதாக வாங்கி ஓட்டிவருகிறேன். அதற்கான குளிர்கால டயர்களைக் கடந்த அக்டோபரில் தங்கள் அங்கீகாரம் பெற்ற பணிமனையில், அவர்கள் பரிந்துரைத்த வகையிலேயே வாங்கிப் பொருத்தினேன். டயரிலும் குறையில்லை, பொருத்திய வேலையிலும் குறையில்லை. அந்த டயர் தாங்கும் வேகத்தை ஓட்டுநருக்கு நினைவூட்ட வேண்டிய எச்சரிக்கையைக் காரின் மென்பொருள் தன்போக்கில் அணைத்துவிடுகிறது என்பதே என் புகார். இதைப் பற்றி முன்பு எழுதியதற்குத் தங்களிடமிருந்து பதில் வந்தது. ஆனால் நான் கேட்டதற்கு அதில் விடை இல்லாததால் இப்போது விவரமாக எழுதுகிறேன்.

என் காரின் பதிவுச் சான்றில் அதிகபட்ச வேகம் மணிக்கு 222 கி.மீ. என்று உள்ளது. பொருத்தியிருக்கும் டயர்களின் பக்கச்சுவரில் 205/55 ஆர் 16 91 டி என்று அச்சாகியிருக்கிறது. 91 என்பது ஒரு டயர் 615 கிலோ பளு தாங்கும் என்பதையும், டி என்பது மணிக்கு 190 கி.மீ. வரை ஓடலாம் என்பதையும் குறிப்பதைத் தங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வழக்கமாக, காரின் உச்ச வேகத்தைவிடக் குறைந்த வேகக் குறியீடு உள்ள டயரைப் பொருத்த அனுமதி கிடையாது; 222 கி.மீ. ஓடும் காருக்கு 240 வரை தாங்கும் வி வகை டயர் வேண்டும். மலைச்சிகரத்துக்குள் பனித்துகள் வரைந்த குறியுள்ள குளிர்கால டயர்களுக்கு மட்டும் ஜெர்மனியின் வாகன அனுமதி விதிகளில் 36ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்குக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. டயர் தாங்கும் வேகத்தை ஒருபோதும் தாண்டக் கூடாது. அத்துடன், அந்த டயர்கள் காரில் இருக்கும் காலம் முழுவதும் அவ்வேகம் ஓட்டுநரின் பார்வையில் படும்படி ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்க வேண்டும், அல்லது அந்த வேகத்தை எட்டுவதற்குள் உரிய நேரத்தில் காரின் திரையிலாவது காட்டப்பட வேண்டும்.

டயர் மாற்றிய அன்று ஸ்டிக்கர் கேட்டேன். இந்தக் காரில் அது தேவையில்லை, மெனுவிலேயே குளிர்கால டயர் வரம்பு இருக்கிறது என்று பணிமனை ஊழியர் சொல்லி, அவரே 190 என்று பதிந்தும் கொடுத்தார். வேகமானிக்குக் கீழே, வலது ஓரத்தில், நீல நிறத்தில் ஒரு பனித்துகள் படமும் அதன் பக்கத்தில் 190 என்ற எண்ணும் தெரிந்தன. அந்த வசதியைப் பாராட்டவே செய்தேன், ஏனென்றால் ஸ்டிக்கர் என்பது கோடையில் உரித்தெடுத்தாலும் பசையை விட்டுவிட்டுப் போகும் சங்கதி.

பிறகுதான் சிக்கல் தெரிய வந்தது. 2024 ஜூலை 7 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாவற்றிலும், சாலையின் வேக வரம்பை அறிந்து, அதை மீறினால் எச்சரிக்கும் கருவி கட்டாயம். காரைக் கிளப்பும்போதெல்லாம் அது தானாக இயங்கத் தொடங்கும். வேண்டாதவர் அந்தப் பயணத்துக்கு மட்டும் அணைத்துக்கொள்ளலாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் தங்கள் காரிலுள்ள கேமரா, நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து இறங்கும் கிளைச்சாலைக்கு வைத்த பலகையையும் படிக்கிறது, முன்னால் போகும் லாரியின் பின்புறத்தில் ஒட்டியுள்ள 80 என்ற வட்டத்தையும் சாலைப் பலகையாக எடுத்துக்கொள்கிறது. உல்மிலிருந்து மெமிங்கன் நோக்கி ஏ7 நெடுஞ்சாலையில் பரிந்துரை வேகமான 130இல் போய்க்கொண்டிருக்கும்போது, தாங்கள் 80ஐ மீறுகிறீர்கள் என்று கார் கூவத் தொடங்கினால், எப்பேர்ப்பட்ட பொறுமைசாலியும் ஸ்டீயரிங்கின் இடப்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்து அதன் வாயை மூடத்தான் பார்ப்பார். தங்கள் கையேடே அந்தக் குறுக்குவழியைச் சொல்லித்தருகிறது.

அப்படி அழுத்தும்போது திரையைக் கூர்ந்து பார்த்தால் நடப்பது விளங்கும். முதலில் சாலை வேகப் பலகையின் சிறு படத்தின் மீது குறுக்குக் கோடு விழுகிறது. அடுத்த நொடியே வலது ஓரத்துப் பனித்துகளும் 190ம் மறைந்துவிடுகின்றன. ஓசை இல்லை, விளக்கம் இல்லை, குளிர்கால டயர் எச்சரிக்கையும் சேர்ந்து அணைக்கப்படுகிறது என்று ஒரு வரி அறிவிப்புகூட இல்லை. மெனுவுக்குள் போய்ப் பார்த்தால் அங்கே 190 என்ற எண் அப்படியே பதிவாகியிருக்கிறது. ஆகவே எச்சரிக்கை வேலை செய்துகொண்டிருப்பதாகவே எவரும் நம்புவார். அணைத்தது தெரியாமல் அணைப்பது, வெளிப்படையாக அணைப்பதைவிட மோசம் என்று கருதுகிறேன்.

ஒன்று சாலையைப் பற்றிய எச்சரிக்கை. அது பலகைக்குப் பலகை மாறுவது, கேமராவின் ஊகத்தை நம்பியிருப்பது, ஓட்டுநர் மறுக்க உரிமையுள்ளது. மற்றது டயரைப் பற்றியது. அந்த எண் அக்டோபரில் பொருத்திய நாள் தொடங்கிக் கழற்றும் நாள்வரை மாறாதது, எந்த ஊகமும் தேவைப்படாதது, சட்டம் கேட்பது. முன்னதன் தொல்லை தாங்காமல் அழுத்தும் பொத்தானில் பின்னதையும் கட்டிவைக்க என்ன காரணம் என்பதைத் தங்கள் பொறியாளர்கள்தான் விளக்க வேண்டும்.

இதே அமைப்பில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. டயர் வரம்பு காரில் பதிவாவதில்லை, ஓட்டுநரின் சுயவிவரத்தில், அதாவது சாவியைக் கொண்டு கார் அடையாளம் காணும் அவரவர் தனிக் கணக்கில், பதிவாகிறது. என் சாவியோடு காரைத் திறந்தால் பனித்துகள் தெரியும். என் மனைவி அவர் சாவியோடு ஓட்டும்போது, வலப்பக்க இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அந்த இடம் வெறுமையாக இருந்தது. அவர் கணக்கில் அந்த வரம்பு என்றுமே பதியப்படவில்லை என்று மெனு காட்டுகிறது. இருக்கையின் உயரமும் வானொலி நிலையமும் ஆளுக்கு ஆள் மாறலாம். சக்கரத்தில் மாட்டியிருக்கும் ரப்பர், ஓட்டுபவர் யார் என்று பார்த்துத் தன் தாங்குதிறனை மாற்றிக்கொள்வதில்லை. டயர்கள் காரில் இருக்கும் காலம் முழுவதும் என்று விதி சொல்கிறதே தவிர, சாவி யாரிடம் இருக்கும் காலம் என்று சொல்லவில்லை. பழுது பார்க்கும்போது தங்கள் பணிமனை தரும் மாற்றுக் காரிலும் இதே ஏற்பாடுதான் இருக்கும் என்பதால், விருந்தினர் கணக்கில் ஓட்டுபவர் எவருக்கும் இந்த எச்சரிக்கை கிடைக்கப்போவதில்லை. ஜனவரியில் இணையம் வழியாக இறங்கிய மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் என் கணக்கிலும் எண் அழிந்துபோய், மறுபடி பதிய நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனித் தங்கள் பதிலுக்கு வருகிறேன். டயரின் வேக வரம்பை மீறாமல் ஓட்டுவது ஓட்டுநரின் பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தீர்கள். அதை நான் மறுக்கவேயில்லை. மீறாதிருப்பது ஒரு நிபந்தனை, கண்ணில் படக் காட்டுவது இன்னொரு நிபந்தனை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதைக் கழித்துவிட முடியாது. ஸ்டிக்கர் வேண்டாம் என்று தங்கள் பணிமனை சொன்ன கணத்திலேயே, அந்த இரண்டாவது நிபந்தனையை நிறைவேற்றும் வேலையைத் தங்கள் திரை ஏற்றுக்கொண்டது.

எச்சரிக்கையை எளிதாக அணைக்கும் வசதி ஐரோப்பிய ஒழுங்குமுறையின்படி தரப்பட்டது என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த ஒழுங்குமுறை பேசுவது சாலை வேக வரம்புக் கருவியைப் பற்றி. டயர் எச்சரிக்கையையும் உடன் அணைக்கும்படி அது எங்கும் கேட்கவில்லை. வேகமானி எப்போதும் சற்றுக் கூடுதலாகவே காட்டும், ஆகவே பாதுகாப்பு இடைவெளி உண்டு என்ற ஆறுதலும் பதிலில் இருந்தது. வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதும், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கி.மீ. சேர்ந்த அளவுக்குமேல் கூட்டிக் காட்டக் கூடாது என்பதும்தான் விதி. கூட்டிக் காட்டியே தீர வேண்டும் என்று அதில் இல்லை. எச்சரிக்கை திரையிலேயே இல்லாதபோது வேகமானியின் பிழை அளவைப் பற்றிப் பேசி என்ன பயன் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

வி வகை டயர் வாங்கிக்கொண்டால் இந்தப் பிரச்சினையே எழாது என்ற கடைசி வரியைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. டி வகையைப் பரிந்துரைத்து விற்றது தங்கள் பணிமனை. சட்டம் அனுமதிக்கும் டயரை, காரிலேயே அதற்கென ஒரு மெனு இருப்பதைக் காட்டி விற்றுவிட்டு, மெனு சரியாக வேலை செய்யவில்லை என்றதும் டயரை மாற்றச் சொல்வது எந்த விதத்தில் நியாயம்?

குளிர்காலத்தில் யார் 190இல் போகிறார்கள் என்று தாங்கள் கேட்கக்கூடும். பனி கொட்டும் நாளில் யாரும் போவதில்லைதான். ஆனால் அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை என்பது இங்குள்ள வழக்கம். ஈஸ்டர் விடுமுறையில் வெப்பநிலை 20 டிகிரியைத் தொடும், சாலை காய்ந்து கிடக்கும், வேக வரம்பில்லாத நீண்ட பாதை முன்னே விரிந்திருக்கும், பின்னால் பிள்ளைகளும் பெட்டிகளுமாகக் கார் நிறைந்திருக்கும். வேகம் கூடக்கூட, சுழலும் டயர் தரையில் அமுங்கி மீளும் எண்ணிக்கை கூடி, உள்ளே வெப்பம் ஏறும். காற்றழுத்தம் குறைந்திருந்தாலோ பளு மிகுந்திருந்தாலோ அது இன்னும் விரைவாக ஏறும். வேகக் குறியீடு அந்த வெப்பத்தை டயர் தாங்குமா என்று சோதித்துத் தரப்படுவதே. பனியைப் பிடிக்க மென்மையான ரப்பரும் நிறைய நுண்கீறல்களும் கொண்டு செய்த டயருக்கு, பிப்ரவரிப் பனியைவிட ஏப்ரல் மாத வெயிலில்தான் இந்த நினைவூட்டல் அதிகம் தேவைப்படுகிறது.

ஆகவே, குளிர்கால டயர் எச்சரிக்கையைச் சாலை வேக எச்சரிக்கையின் பொத்தானிலிருந்து முற்றாகப் பிரித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த வரம்பு ஓட்டுநரின் கணக்கில் அல்லாமல் காரிலேயே பதிவாக வேண்டும். புதுப்பிப்புகளில் அழியக் கூடாது. டயரைக் கழற்றும்போது உரிமையாளரோ பணிமனையோ நீக்கும்வரை எல்லா ஓட்டுநருக்கும் தெரிய வேண்டும். இது மென்பொருளில் செய்யக்கூடிய மாற்றம் என்பதால் பணிமனைக்குக் காரை வரவழைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது வரும்வரை, 190 கி.மீ. என்று அச்சிட்ட ஸ்டிக்கரைக் கட்டணமின்றி அனுப்பிவைப்பதோடு, மெனு இருப்பதால் ஸ்டிக்கர் தேவையில்லை என்று வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டாம் என்று தங்கள் பணிமனைகளுக்கும் அறிவுறுத்துங்கள். என்னைப் போலவே அந்த வார்த்தையை நம்பி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருப்பார்கள்.

பொத்தானை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த திரையின் நிழற்படங்கள், டயரின் பக்கச்சுவரின் படம், பணிமனையின் ரசீது ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். நான்கு வாரங்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். மாற்றம் எப்போது வரும் என்ற விவரம் அந்தப் பதிலில் இல்லையெனில், இதே ஆவணங்களோடு ஃபிளென்ஸ்பர்கில் உள்ள மத்திய மோட்டார் வாகன ஆணையத்துக்குப் புகார் அனுப்புவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கார் உரிமையாளர்