ஒன்றியத்துக்கு ஒரு செவிலியர் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் குறித்து வெளிவரும் செய்திகளில் இதுவரை எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்ற கணக்கே பெரிதாக இடம்பெறுகிறது. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு நோயாளியின் வீட்டிலிருந்து பார்க்கிறவன் என்ற முறையில், அந்தக் கணக்கில் வராத ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டம் நல்ல திட்டம் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரை வாங்குவதற்காக ஒருநாள் கூலியை இழந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்துக் கிடந்த எங்கள் ஊர் மக்கள், இன்று அந்த மாத்திரைகளை வாசலிலேயே பெற்றுக்கொள்கிறார்கள். ஆனால் மாத்திரை கொடுப்பதும் நோயாளியைப் பராமரிப்பதும் ஒரே வேலை அல்ல. திட்டத்தின் இன்னொரு பகுதியான நோய் ஆதரவுச் சிகிச்சைக்கும் (தீராத நோயில் கிடப்பவரின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் பராமரிப்பு) இயன்முறைச் சிகிச்சைக்கும், ஊரகப் பகுதிகளில் ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு செவிலியர், ஓர் இயன்முறை மருத்துவர் என்ற அளவிலேயே ஆட்கள் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள்.

என் மனைவிக்கு மூன்றாண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. சிறுநீர் செல்லக் குழாய் பொருத்தியிருக்கிறோம். எங்களிடம் வந்துகொண்டிருந்த செவிலியர் குழாயை மாற்றுவதோடு நிற்காமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடலை எந்தப் பக்கம் திருப்பிவிட வேண்டும், முதுகின் அடியில் தோல் சிவந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் எனக்கும் என் மருமகளுக்கும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு நாங்கள் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரிது. அவர் மகப்பேறு விடுப்பில் சென்றபோது அவருடைய இடத்துக்கு வேறு யாரும் அனுப்பப்படவில்லை. நான்கு மாதங்கள் ஒவ்வொரு முறையும் மனைவியைப் போர்வையில் கிடத்தி, நான்கு பேர் தூக்கி, வாடகை வண்டியில் ஏற்றி நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அந்த மாதங்களில்தான் அவளுக்கு இடுப்பில் படுக்கைப் புண் வந்தது. விடுப்பு எடுத்த செவிலியரிடம் எந்தக் குறையும் இல்லை. விடுப்பில் செல்பவருக்கு மாற்றாக ஒருவரை வைத்திருக்காத ஏற்பாட்டில்தான் குறை இருக்கிறது.

விடுப்பே எடுக்காமல் உழைத்தாலும் ஒருவரால் எவ்வளவு செய்ய முடியும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒன்றுக்கொன்று தொலைவில் கிடக்கும் எங்கள் கிராமங்களில், நாளொன்றுக்கு ஆறு வீடுகளுக்கு மேல் போக முடியாது. மாதத்தில் 22 வேலைநாள் என்று கொண்டால் 132 வீடுகள். ஓர் ஒன்றியத்தில் படுக்கையில் கிடப்போர் 200 பேர் இருந்தால், ஒரு நோயாளியை அவர் மறுபடி பார்க்க ஒன்றரை மாதம் ஆகிவிடும். சாதாரண இரப்பர் குழாயை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் மாற்றியாக வேண்டும். புண்ணுக்கோ சில நேரங்களில் நாள்தோறும் கட்டு மாற்ற வேண்டியிருக்கும். 2022 டிசம்பரில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்து வழங்கியதாக அரசு அறிவித்தது. அந்தப் பெருமிதத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் படுக்கையில் இருப்பவரைப் பொறுத்தவரை, சென்றமுறை செவிலியர் வந்ததற்கும் அடுத்தமுறை வரப்போவதற்கும் இடையில் எத்தனை நாள் என்பதே கணக்கு. அந்த இடைவெளியை ஒன்றியம்தோறும் அரசு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஊதியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இச்செவிலியர்கள் மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வழியாக, ஒப்பந்த முறையில், தொகுப்பூதியத்துக்கு எடுக்கப்படுகிறார்கள். நிரந்தரப் பணி கிடைத்தால் அவர்கள் போய்விடுவது இயல்பு. போனபின் அந்த ஒன்றியம் மறுபடி ஆளுக்காகக் காத்திருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு, திட்டம் தொடங்கியபோது மாதம் 4,500 ரூபாய் வழங்கப்பட்டது. அதற்கு ஊக்கத்தொகை என்று பெயர். வெயிலிலும் மழையிலும் வீடுவீடாக நடந்து, இரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை அளவு பார்த்து, மருந்து கொடுத்துக் குறிப்பெழுதும் பெண்களின் உழைப்பை ஊக்கத்தொகை என்ற பெயரால் அளப்பது முறையன்று. முறையான பயிற்சியும் ஊதியமும் கொடுத்தால், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, புண் வருமுன் அறிந்து சொல்வது ஆகியவற்றை இவர்களால் செய்ய முடியும். செவிலியரின் சுமையும் குறையும்.

எல்லைக்கு அப்பால் குமுளிப் பக்கம் வாழும் என் தங்கையின் மாமியார் புற்றுநோயால் படுக்கையில் இருந்தபோது, ஊராட்சியின் செவிலியர் வீட்டுக்கே வந்து கவனித்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். 2008-இல் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கையை வகுத்த கேரளம், அந்தப் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்து, அவற்றின் திட்ட நிதியிலிருந்து செவிலியரை அமர்த்தவும் வண்டிக்கும் மருந்துக்கும் செலவிடவும் வழிசெய்தது. அங்கேயும் குறைகள் இருக்கும். ஆயினும் ஒன்றியத்துக்கு ஒருவர் என்பதற்கும் ஊராட்சிக்கு ஒருவர் என்பதற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது நோயாளியின் கட்டிலருகே அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2011 கணக்கெடுப்பின்போது 10.4 விழுக்காடு, 2031-இல் இது 18.2 விழுக்காடாகும் என்பது மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் கணிப்பு. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வேலையில் இருக்க, முதியவரை முதியவரே தூக்கி உட்கார வைக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே மூன்று இருக்கின்றன. மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ் இயங்குகின்றன; அந்த இயக்கத்தின் செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. எனவே இரு அரசுகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

வரும் மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கையில் மூன்றை எதிர்பார்க்கிறேன். படுக்கை நோயாளிகளின் எண்ணிக்கையையும் ஊர்களின் தொலைவையும் பார்த்துச் செவிலியர் பணியிடங்களைப் பெருக்குவதும், தன்னார்வலர்களுக்கு ஊதியம் நிர்ணயிப்பதும் காலம் எடுக்கலாம். ஆனால் விடுப்பில் செல்லும் செவிலியருக்கு மாற்றாக அனுப்ப மாவட்டத்துக்குச் சிலரை இருப்பில் வைத்திருப்பதற்குப் பெருந்தொகை தேவையில்லை. அதை இந்த ஆண்டே செய்யலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
தேனி மாவட்டம்.