கேரட் தலையில் கேரட் வராது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ அனுப்பிய போட்டோவை அப்பாவும் நானும் பார்த்தோம். கேரட் தலையை வெட்டித் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறாய், அழகாகத்தான் துளிர்த்திருக்கிறது. ஆனால் அடியில் இன்னொரு கேரட் இறங்கும் என்று காத்திருக்காதே. நாம் தின்கிற கேரட்டே அந்தச் செடியின் வேர்தான். வெட்டிய வேர் மறுபடி வளராது, மேலே தழை மட்டும் வரும். முள்ளங்கிக்கும் பீட்ரூட்டுக்கும் இதே கதைதான். பீட்ரூட் தழையைப் பொரியலில் போடலாம், அந்த மட்டுக்கு லாபம்.

அடுப்படிக் கழிவை வைத்தே தோட்டம் போட்டுவிடலாம் என்று சொல்லும் வீடியோக்களை அப்பாவும் உட்கார்ந்து பார்க்கிறார். அதில் பாதிதான் நடக்கும். என் கணக்கு இது: இலையாகச் சாப்பிடுவதை வளர்த்தால் காசு மிச்சம். காயையும் கிழங்கையும் தொட்டியில் வளர்ப்பது ஆசைக்குத்தான். வாடகை வீட்டுப் பால்கனியில் இடம் எவ்வளவு இருந்துவிடப்போகிறது?

முதலில் புதினா வை. கட்டு வாங்கி இலையை ஆய்ந்ததும் தண்டைக் குப்பையில்தானே போடுகிறாய்? அதில் தடிமனாக, வாடாமல் இருப்பதாக நாலைந்து எடுத்துக்கொள். கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டு, வேர் கணுவிலிருந்துதான் கிளம்பும். தண்ணீருக்குள் முங்குகிற இலைகளைக் கிள்ளிவிடு, இல்லையென்றால் அழுகி நாறும். டம்ளரில் வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்று. ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை வேர் தெரியும். அப்புறம் அகலமான தொட்டிக்கு மாற்று, ஆழம் அவ்வளவு தேவையில்லை. புதினா பக்கவாட்டில் ஓடுகிற ஜாதி, கூட வேறு செடி வைத்தால் அதை இருக்கவிடாது. பறிக்கும்போது நுனியோடு கிள்ளு. கிள்ளின இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வெடிக்கும். பொன்னாங்கண்ணித் தண்டையும் கொடிப்பசலைத் தண்டையும் நேரே மண்ணில் ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும்.

கொத்தமல்லிக்கு விதைக் கடைக்கு அலையாதே, அஞ்சறைப்பெட்டி மல்லியே போதும். பழசாகவோ வறுத்ததாகவோ இருக்கக்கூடாது. ஒரு மல்லிக்குள் இரண்டு விதை உண்டு. சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டினால் இரண்டாகப் பிளக்கும். தூளாக்கிவிடாதே! ராத்திரி ஊறவைத்துக் காலையில் தூவி, மேலே மெல்லிசாக மண் போடு. முளைக்கப் பத்து நாளுக்கு மேலும் ஆகும், நடுவில் கிளறிப் பார்க்கிற வேலை வேண்டாம். இங்கே சித்திரை வெயிலில் நாலு இலை விட்டதும் பூவுக்குப் போய்விடும், அதற்கப்புறம் இலையில் ருசி இருக்காது. பெங்களூர் குளுமைக்கு நன்றாக வரும் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நம் தெருவில் வண்டியில் காய் கொண்டுவருகிறவர் கொத்தமல்லியைக் கொசுறாகப் போடுவார். மழை பெய்துவிட்டால் கொசுறு கேட்கும் ஆளை அவருக்கு அடையாளமே தெரியாது.

வெந்தயம் இன்னும் சுலபம். ஊறவைத்துத் தூவினால் மூன்று நாலு நாளில் முளை, மூன்று நாலு வாரத்தில் கீரை. முளைத்துப்போன சின்ன வெங்காயத்தை நட்டால் தாள் கிடைக்கும். பூண்டும் தழைக்குத்தான். அது திரண்டு பல் பிடிக்கக் குளிர் வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது சும்மாவா?

கறிவேப்பிலைக்கு மட்டும் காசு கொடுத்துக் கன்று வாங்கிவிடு. கடைக் கொத்தின் காம்பு வேர் விடுவது அபூர்வம்.

மாப்பிள்ளை தக்காளி கேட்கிறார் என்றாயே. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டினபோது எல்லாருக்கும் அந்த ஆசை வந்தது. சரி, ஒரு செடி வைத்துப் பாருங்கள். கனிந்த நாட்டுத் தக்காளி விதையாக எடு. ஹைப்ரிட் பழத்து விதையும் முளைக்கும், ஆனால் தாய்ச்செடி மாதிரியே காய்க்கும் என்று நம்பமுடியாது. விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுக்கும், அதனால் அலசிக் காயவைத்துப் போடு. நல்ல வெயில் படாவிட்டால் தழைத்துக்கொண்டே நிற்கும், காய்க்காது.

தொட்டி எதுவும் வாங்கவேண்டாம். காலி பெயிண்ட் வாளி போதும், நன்றாகக் கழுவி அடியில் நாலு ஓட்டை போடு. செம்மண், தொழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு. காய்கறித் தோல், நுணுக்கிய முட்டை ஓடு எல்லாம் மூடி போட்ட இன்னொரு வாளிக்கு. அதற்கும் காற்றோட்டத்துக்கு ஓட்டை வேண்டும். ஒவ்வொரு முறையும் மேலே காய்ந்த சருகோ கிழித்த பேப்பரோ போடு. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், சருகைக் கூட்டிக் கிளறிவிடு. சோறு, குழம்பு, எண்ணெய் எதுவும் போகக்கூடாது. டீத்தூள் சக்கையைச் சர்க்கரை போகக் கழுவிப் போடு, இல்லாவிட்டால் எறும்புக்கு விருந்து. இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மண் வாசத்தோடு உதிரும். அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்று. மீன் அலசின தண்ணீர் வேண்டாம், கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிடுவார்.

அண்ணா நகர் உழவர் சந்தை 1999ல் திறந்ததிலிருந்தே நான் கீரை வாங்குவது அங்கேதான். நாட்டுத் தக்காளி கண்ணில் பட்டால் விதை எடுத்துக் கவரில் அனுப்புகிறேன். பால்கனி எந்தப் பக்கம் பார்த்தது என்று நீ சொல்லவே இல்லை. கிழக்கு என்றால் எல்லாவற்றையும் வை. மேற்கு வெயில் என்றால் புதினாவைச் சுவர் நிழலுக்குத் தள்ளிவை. வடக்கு மட்டும்தான் என்றால் தக்காளியை மறந்துவிடச் சொல் மாப்பிள்ளையிடம்.

அன்புடன்,
அம்மா
கே.கே. நகர், மதுரை