ஆப்பிரிக்க காட்டுப்பன்னிகளையும் கொஞ்சம் கவனிங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

வனவிலங்கு பக்கத்துல சிங்கம், யானைன்னு நிறைய போடுறீங்க, சந்தோஷம், ஆனா ஆப்பிரிக்க மழைக்காட்டு பன்னிங்கள பத்தியும் ஒரு தடவ எழுதுங்க. ரெட் ரிவர் ஹாக்னு ஒண்ணு, செங்கல் கலர் உடம்பு, முதுகுல வெள்ளக் கோடு, காது நுனியில நீளமா முடி, அவ்ளோ அழகு! ஐரோப்பா, அமெரிக்கா ஜூக்கள்ல இது நல்லாவே குட்டி போடுது. ஆனா இதோட சொந்தக்காரனான ஜயண்ட் ஃபாரஸ்ட் ஹாக், உலகத்துலயே பெரிய காட்டுப்பன்னி, ஆண் 200 கிலோவ தாண்டும், 1904லதான் விஞ்ஞானிங்க இதுக்கு பேரே வச்சாங்க, இத ஜூல பாக்குறது ரொம்ப அபூர்வம்.

ஆப்பிரிக்க பன்னிக்காய்ச்சல் பயத்தால பன்னிங்கள நாடு விட்டு நாடு கொண்டு போறது லேசுல நடக்காது, அந்த கட்டுப்பாடு தேவைதான். அதனால ஜூல இருக்குறத நல்லா வளக்குறதோட, டிக்கெட் காசுல ஒரு பங்க காங்கோ, உகாண்டா காடுகளுக்கு அனுப்பணும்னு நான் நினைக்கிறேன், ஏன்னா அங்க கறிக்காக வேட்டையாடுறதும் காடு அழியுறதும்தான் இதுங்களுக்கு பெரிய ஆபத்து.

கூண்டுல வளத்து காட்டுக்கு அனுப்ப முடியுமான்னு கேப்பாங்க. அசாம்ல அழியுற நிலைக்கு வந்த பிக்மி ஹாக்ங்கிற ரொம்ப சின்ன காட்டுப்பன்னிக்கு செஞ்சாங்களே, 1996ல மானஸ் காட்டுல பிடிச்ச சிலத வச்சு ஆரம்பிச்சு 2008ல இருந்து காட்டுல விடுறாங்க. ஆப்பிரிக்க பன்னிங்க எண்ணிக்கை இன்னும் அந்த அளவுக்கு விழல, இப்பவே அந்த காடுகளுக்கு காசு போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்